கடலடி எரிவாயுவும் சிறு முதலீட்டாளரும்: ஐயச் சொற்கள் உறுதிச் சொற்களான வரலாறு

1. நோக்கம்

மொழியியலார் எரிவாயுக் கிணறுகளைப் பற்றி உரையாற்ற முன்வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இவ்வுரையின் பொருள் கடலடியில் கிடக்கும் வாயு மட்டுமன்று. அவ்வாயுவைப் பற்றி எழுதப்பட்ட சொற்களும், அச்சொற்களை நம்பித் தம் சேமிப்பை முதலிட்ட எளிய மனிதர்களும் இதன் பொருளாவர்.

நாம் வாழும் பகுதிக்கு இப்பொருள் தொலைவானதன்று. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவைக் கொண்டே ஆக்கப்படுகிறது. மேற்கு நத்துனாக் கடலிலிருந்து ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் குழாய் 2001ஆம் ஆண்டு முதல் வாயுவைக் கொண்டுவருகிறது. சரவாக் கடற்பகுதியின் வாயு பிந்துலுவில் திரவமாக்கப்பட்டு 1983 முதல் கப்பலேறுகிறது. நம் வகுப்பறை விளக்குகளுக்குப் பின்னால் ஒரு கடற்கிணறு இருக்கிறது என்றால் மிகையாகாது.

இத்தகைய கிணறுகளைத் தேடிக் கண்டறிய மிகுந்த பணம் வேண்டும். அரசு நிறுவனங்களும் பன்னாட்டுப் பெருநிறுவனங்களும் பெரும்பகுதியைச் செலவிடுகின்றன. எனினும், சிறு நிறுவனங்கள் பங்குச் சந்தையில் பொதுமக்களிடமும் பணம் திரட்டுகின்றன. ஆசிரியரும் கடைக்காரரும் ஓய்வூதியம் பெறுவோரும் அப்பங்குகளை வாங்குகின்றனர். இவர்களையே சிறு முதலீட்டாளர் என்கிறோம். கடலின் அடித்தளத்தை இவர்கள் காண இயலாது. பாறையின் மாதிரியைத் தொட்டுப் பார்க்கவும் இயலாது. நிறுவனம் வெளியிடும் அறிக்கையும் அதையொட்டி நாளிதழ் எழுதும் செய்தியுமே இவர்கள் கையில் இருப்பவை. ஆகவே, இவர்களின் வரலாற்றை ஒரு வாசிப்பு வரலாறாகவும் நாம் எழுதலாம்.

2. கிணற்றுக்கு முன் பிறக்கும் பெயர்

துரப்பணம் செய்யத் தக்கதாகத் தோன்றும், ஆனால் இன்னும் துளையிடப்படாத இடத்தை இத்துறையினர் ‘புராஸ்பெக்ட்’ என்பர். பங்கு விற்பனைக்கென நிறுவனம் வெளியிடும் விளக்க ஏட்டுக்குப் ‘புராஸ்பெக்டஸ்’ என்று பெயர். இரண்டும் முன்னோக்கிப் பார்த்தலைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. ஒன்று பாறையை முன்னோக்குகிறது. மற்றொன்று இலாபத்தை முன்னோக்குகிறது. தமிழில் முன்னதை ‘வாய்ப்பிடம்’ எனலாம். வாய்க்கவும் கூடும், வாய்க்காமலும் போகக் கூடும் என்ற இருநிலையும் அச்சொல்லில் அடங்கியுள்ளது.

வாய்ப்பிடம் வரைபடத்தில் வரையப்பட்டவுடன் அதற்கு ஒரு பெயர் சூட்டப்படுகிறது. இஸ்ரேல் கடற்பகுதியில் நிலவியலாளர் யோசி லாங்கோட்ஸ்கி இரு வாய்ப்பிடங்களுக்குத் தம் பேத்தி, மகள் ஆகியோரின் பெயர்களாகிய தாமார், தலித் என்பவற்றைச் சூட்டினார். பால்க்லாந்துத் தீவுகளின் கடலில் லிஸ், ரேச்சல் எனப் பெண்பெயர் பெற்றவை உண்டு. லொலிகோ என்ற பெயரும் உண்டு. அது நாம் சந்தையில் சோத்தோங் என்று கேட்டு வாங்கும் கணவாய் இனத்தின் அறிவியற்பெயர்.

பெயர் சூட்டுவது வேலை வசதிக்காகவே. ஆயினும், இடுபெயர் பெற்ற பொருள் உள்பொருளாகவே கேட்போர் மனத்தில் பதிகிறது. ‘அங்கு வாயு இருக்குமானால்’ என்று தொடங்க வேண்டிய வாக்கியம், ‘தாமாரின் வாயு’ என்று தொடங்கியவுடன் அந்த ‘ஆனால்’ உதிர்ந்துவிடுகிறது. நிபந்தனை எச்சத்தின் இடத்தில் ஆறாம் வேற்றுமை வந்து அமர்கிறது. இவ்வுரை முழுதும் நாம் காணவிருக்கும் மாற்றத்தின் முதற்படி இதுவே.

3. நான்கு நிபந்தனைகளும் ஒரு பெருக்கற்கணக்கும்

வாயு கடலடியில் ஏரிபோல் தேங்கிக் கிடப்பதில்லை. மணற்கல் முதலிய பாறைகளின் நுண்துளைகளில் அது அடைபட்டுக் கிடக்கிறது. ஓர் இடத்தில் அது சேர்ந்திருக்க நான்கு நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும். பண்டை உயிர்ப்பொருள்கள் புதைந்து வெப்பத்தால் வாயுவாக மாறிய மூலப்பாறை வேண்டும். அவ்வாயு தங்குவதற்குத் துளைகள் மிகுந்த தேக்கப்பாறை வேண்டும். மேலேறித் தப்பாதபடி மூடும் இறுகிய மூடுபாறை வேண்டும். வாயு ஓரிடத்தில் திரளும்படி அப்பாறைகள் வளைந்தோ முறிந்தோ அமைந்த பொறியமைப்பு வேண்டும்.

நில அதிர்வு ஆய்வு இவற்றைப் பற்றிய படத்தைத் தருகிறது. சான்று தருவது கிணறே. நான்கு நிபந்தனைகளின் வாய்ப்பு முறையே 80, 70, 70, 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நம்பிக்கையளிப்பதாகவே தோன்றும். நான்கும் ஒருங்கே அமையும் வாய்ப்பைக் காண அவற்றைப் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 24 விழுக்காடு. அதாவது, இத்தகைய நான்கு கிணறுகளில் மூன்று வீணாகும் என்று எதிர்பார்க்க வேண்டும். ஓர் ஆழ்கடல் கிணற்றுக்குப் பத்துக் கோடி அமெரிக்க டாலர் செலவாவது அரிதன்று. அப்பணம் தீர்ந்தபின் நிறுவனம் புதிய பங்குகளை வெளியிட்டால் பழைய பங்குதாரரின் உரிமை விழுக்காடு குறையும். வாயு கிடைத்தபோதும் சிறு முதலீட்டாளர் எதிர்பார்த்த இலாபத்தைப் பெறாததற்கு இது ஒரு காரணமாகும்.

4. ‘வளம்’ வேறு, ‘இருப்பு’ வேறு

பாறையில் உள்ள மொத்த வாயு அளவு ஒன்று. அதில் மேலே எடுக்கத்தக்க அளவு மற்றொன்று. ஆதாயத்துடன் விற்கத்தக்க அளவு மூன்றாவது. இவை குழம்பாதிருக்கவே பெட்ரோலியப் பொறியாளர் சங்கமும் பிற அமைப்புகளும் 2007ஆம் ஆண்டு ஒரு வகைப்பாட்டை வெளியிட்டு, 2018இல் அதைத் திருத்தின. அதன்படி, கண்டறியப்படாதவற்றில் மதிப்பிடப்படும் அளவு ‘வாய்ப்பு வளம்’. கிணற்றால் கண்டறியப்பட்டும் சந்தை, விலை, தொழில்நுட்பம் முதலியவற்றில் ஏதோ ஒரு தடை இருப்பது ‘நிபந்தனை வளம்’. திட்டம் வகுக்கப்பட்டு ஆதாயத்துடன் எடுக்கத்தக்கது மட்டுமே ‘இருப்பு’. இருப்பும் உறுதியானது, நிகழத்தக்கது, இயலத்தக்கது என மூன்றாகப் பகுக்கப்படும்.

மொழியியல் நோக்கில் இவ்வகைப்பாடு ஓர் ஐயப்படி அமைப்பாகும். ஒவ்வொரு படியிலும் பேசுவோரின் உறுதி கூடுகிறது. இப்படிகள் அனைத்தும் நாளிதழ்த் தலைப்பில் ‘புதையல்’ என்ற ஒரே சொல்லாகச் சுருங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். புதையல் என்பது முன்னொருவர் புதைத்து வைத்தது. இருக்கிறது என்பதில் ஐயமில்லை, தோண்டி எடுப்பதொன்றே எஞ்சியுள்ளது. அச்சொல்லின் பொருளிலேயே வாய்ப்பும் நிபந்தனையும் மறைந்து போகின்றன.

5. கோதாவரிப் படுகை

இம்மாற்றத்தின் விளைவை வங்கக் கடலின் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் தெளிவாகக் காணலாம். ஆந்திரக் கரைக்கு அப்பால் உள்ள ஆழ்கடல் வட்டாரம் ஒன்றை 2000ஆம் ஆண்டு ரிலையன்ஸ் நிறுவனம் கனடாவின் நைக்கோ ரிசோர்சஸ் நிறுவனத்துடன் இணைந்து பெற்றது. முன்னதற்கு 90 விழுக்காடு, பின்னதற்கு 10 விழுக்காடு. 2002 அக்டோபரில் அங்கு வாயு கண்டறியப்பட்டது. அவ்வாண்டு சூலையில் மறைந்த நிறுவனர் திருபாய் அம்பானியின் பெயரே அவ்வயல்களுக்குச் சூட்டப்பட்டது. 1977இல் முதன்முதலாகப் பங்கு வெளியிட்ட காலத்திலிருந்தே பல்லாயிரம் சிறு பங்குதாரர்களைக் கொண்டிருந்த நிறுவனம் அது. ஆதலால், கடலடிச் செய்தி நடுத்தரக் குடும்பங்களின் செய்தியாகவும் ஆயிற்று.

2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. நாளொன்றுக்கு 80 மில்லியன் கன மீட்டர் என்பது திட்டம். 2010இல் உற்பத்தி 60 மில்லியனை எட்டிற்று. பிறகு இறங்கத் தொடங்கியது. தேக்கப்பாறையின் அழுத்தம் குறைந்தது. கிணறுகளில் நீரும் மணலும் புகுந்தன. திட்டமிட்ட எண்ணிக்கையில் கிணறுகள் தோண்டப்படவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். பாறையின் இயல்பு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது என்பது நிறுவனத்தின் விளக்கம். ஏறத்தாழ 10 டிரில்லியன் கன அடி என்று முன்னர் மதிப்பிடப்பட்ட எடுக்கத்தக்க அளவு, பின்னர் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கப்பட்டது. முதலில் உற்பத்தி தந்த வயல்கள் 2020இல் நின்றன.

பெருநிறுவனத்துக்கு வேறு தொழில்கள் இருந்தன; அதன் பங்குதாரர் இவ்வீழ்ச்சியைத் தாங்கிக்கொண்டனர். நைக்கோவின் பங்குதாரருக்கு அந்த வாய்ப்பில்லை. டொராண்டோ சந்தையில் ஒரு காலத்தில் நூறு கனடிய டாலரைத் தாண்டிய அப்பங்கு, சில ஆண்டுகளில் காசுக் கணக்கில் விற்கப்படும் நிலைக்கு இறங்கியது.

அதே படுகையில் மற்றொரு வட்டாரம் குஜராத் மாநில பெட்ரோலியக் கழகத்திடம் இருந்தது. அதற்கு 80 விழுக்காடும், ஜியோகுளோபல் ரிசோர்சஸ் என்ற சிறு நிறுவனத்துக்கும் ஜூபிலன்ட் குழும நிறுவனத்துக்கும் பத்துப் பத்து விழுக்காடும் உரிமை. 2005 சூன் 26ஆம் நாள், அப்போதைய குஜராத் முதலமைச்சர் நரேந்திர மோடி, அங்கு 20 டிரில்லியன் கன அடி வாயு கண்டறியப்பட்டதாக அறிவித்தார். டிரில்லியன் என்பது இலட்சம் கோடி. ஆகவே, இருபது இலட்சம் கோடி கன அடி. வட்டாரத்துக்குத் தீனதயாள் என்று பெயரிடப்பட்டது. மாநிலக் கழகத்தின் பங்குகள் சந்தையில் விற்கப்படவில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் விற்கப்பட்ட ஜியோகுளோபலின் பங்குகளையே சிறு முதலீட்டாளர் நாடினர். 2005இல் அதன் விலை பன்மடங்கு ஏறிற்று.

2009இல் அவ்வயலின் மேம்பாட்டுத் திட்டம் ஒப்புதல் பெற்றபோது, அதில் குறிக்கப்பட்ட அளவு முதல் அறிவிப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. பாறை இறுக்கமானது, வெப்பமும் அழுத்தமும் மிக உயர்ந்தவை, செலவோ பெருகியது. சோதனை உற்பத்தி 2014இல்தான் தொடங்கிற்று. இறுதியில் கழகத்தின் 80 விழுக்காட்டு உரிமையை ஓ.என்.ஜி.சி. ஏறத்தாழ 7,738 கோடி ரூபாய்க்கு 2017இல் வாங்கிக்கொண்டது.

இங்கு நாம் எழுப்ப வேண்டிய வினா, 20 என்ற எண் எங்ஙனம் மெய்யென நிலைபெற்றது என்பதே. ஒரு கிணற்றின் தரவைக் கொண்டு வட்டாரம் முழுமைக்கும் செய்யப்பட்ட மதிப்பீடு அது. எடுக்கத்தக்கது எவ்வளவு, எத்தனை விழுக்காட்டு உறுதியுடன் சொல்லப்படுகிறது, மதிப்பிட்டவர் யார் என்னும் மூன்றும் எண்ணோடு சேர்ந்து பயணம் செய்யவில்லை. எண் மட்டும் பயணம் செய்தது.

6. கிழக்கு நடுநிலக்கடல்

தோல்விகளை மட்டும் கூறினால் வரலாறு கோணலாகிவிடும். இஸ்ரேலில் தேடல் கூட்டாண்மைகளின் ‘பங்கேற்பு அலகுகள்’ தெல் அவிவ் சந்தையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டு வந்தன. பல்லாண்டு வீண் கிணறுகளுக்குப் பின்னும் அவ்வலகுகளை வைத்திருந்த எளியவர்கள் இருந்தனர். தாமார் வாய்ப்பிடத்தில் முன்பு பங்கு கொண்டிருந்த பிரிட்டிஷ் நிறுவனமான பி.ஜி. குழுமம் 2005இல் விலகிக்கொண்டது. 2009 சனவரியில் கைபாவுக்கு மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில், 1,600 மீட்டருக்கு மேற்பட்ட நீராழத்தில் தோண்டப்பட்ட கிணறு பெருமளவு வாயுவைக் கண்டது. கூட்டாண்மையில் இருந்த இஸ்ராம்கோவின் அலகுகள் சில நாள்களிலேயே பெரிதும் விலையேறின.

அடுத்தது லெவியத்தான். 2010 நடுப்பகுதியில், துரப்பணத்துக்கு முன்பு, 16 டிரில்லியன் கன அடி என்ற மதிப்பீட்டோடு 50 விழுக்காட்டு வாய்ப்பு என்ற எண்ணும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வாயு இருப்பது உறுதியாயிற்று. இந்த அறிவிப்பை நாம் நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். அளவும் ஐயமும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. வாங்கியவர் அறிந்தே வாங்கினார்.

வெற்றியிலும் காத்திருப்பு உண்டு. தாமாரின் வாயு 2013 மார்ச்சு இறுதியிலும், லெவியத்தானின் வாயு 2019 டிசம்பர் இறுதியிலுமே கரையை அடைந்தன. இடையில் நாட்டின் வாயு வருவாயில் மக்களுக்குரிய பங்கு யாது என ஆராய ஷெஷின்ஸ்கி குழு அமைக்கப்பட்டு, 2011 மார்ச்சில் புதிய வரிச்சட்டம் நிறைவேறியது. அலகு வைத்திருந்த சிறியோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வாங்கும்போது இருந்த விதி, வாயு கிடைத்தபின் மாறிவிட்டது என்பது அவர்களின் குறை. கடலடி வளம் நாட்டினர் அனைவர்க்கும் உரியது என்பது எதிர்த்தரப்பின் நியாயம். இரண்டிலும் வலுவுண்டு என்பதை மாணவர் உணர வேண்டும்.

இப்பெருவெற்றிகளுக்குப் பின் அண்டை வட்டாரங்களின் மீதும் மக்களின் பார்வை திரும்பியது. பெரிய வயலுக்கு அருகில் இருப்பதாலேயே ஓரிடத்தை மதிக்கும் இவ்வழக்கத்தை நகையாக ‘அருகியல்’ எனலாம். மைரா, சாரா என்னும் இரு உரிமப் பகுதிகளில் 2012இல் கிணறுகள் தோண்டப்பட்டன. வணிக அளவில் வாயு இல்லை. அவற்றில் துரப்பணப் பொறுப்பேற்ற நிறுவனம், கோதாவரிப் படுகையில் நாம் முன்னர் கண்ட அதே ஜியோகுளோபல். இரு கடல்களில் இரு பெரும் நம்பிக்கைகளோடு இணைந்திருந்த அச்சிறு நிறுவனத்தின் பங்குகள் இறுதியில் மதிப்பிழந்தன.

7. நீர் நிறைந்த ‘வறண்ட’ கிணறு

தென் அட்லாண்டிக்கின் பால்க்லாந்துக் கடல், சொல்லாராய்ச்சிக்கு மேலும் இரு சான்றுகளைத் தருகிறது. 2009 இறுதியில் ‘ஓஷன் கார்டியன்’ என்னும் துரப்பண மேடை ஸ்காட்லாந்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு 2010 பிப்ரவரியில் அக்கடலை அடைந்தது. இலண்டனின் சிறு நிறுவனச் சந்தையில் டிசையர், ராக்ஹாப்பர் முதலிய நிறுவனங்களில் பங்கு வைத்திருந்தோர் அதன் பயணத்தை உன்னிப்பாகப் பின்தொடர்ந்தனர். இவர்களை அறியாதவர் என்று தள்ளுவது பிழை. நில அதிர்வுப் படங்களைப் படிக்கக் கற்றவர்களும், துரப்பணக் கலைச்சொற்களை ஆராய்ந்து அறிந்தவர்களும் இவர்களிடையே உண்டு.

மார்ச்சில் டிசையரின் முதற்கிணறான லிஸ் ஏமாற்றமளித்தது. பங்கு விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. மே மாதத்தில் ராக்ஹாப்பரின் ‘கடற்சிங்கம்’ எண்ணெய் கண்டது; அதன் பங்கு ஒரே நாளில் இருமடங்குக்கு மேல் ஏறியது. டிசம்பர் 2ஆம் நாள், ரேச்சல் வடக்குக் கிணற்றில் எண்ணெய் இருப்பதாக டிசையர் அறிவித்தது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 6ஆம் நாள், மேலே எடுத்துப் பார்த்த மாதிரி நீரே என்று மற்றோர் அறிவிப்பு வந்தது. முதல் அறிவிப்பு கருவிப் பதிவுகளின் முதற்கட்ட விளக்கத்தைச் சார்ந்தது. இரண்டாவது கையில் எடுத்த பொருளைச் சார்ந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு அனுமானத்துக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாடே. நம் அளவையியல் நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி அளவைகளாக வைத்ததன் பயனை நான்கே நாளில் சந்தை கற்றுக்கொண்டது.

இத்தகைய கிணற்றைத் துறையினர் ‘வறண்ட துளை’ என்பர். நம் சிற்றூர்களில் வறண்ட கிணறு என்றால் நீரற்றது. இங்கோ வறண்ட கிணறு பெரும்பாலும் உப்புநீர் நிறைந்தது. ஒரு சொல்லின் பொருள் அதைப் பயன்படுத்துவோர் எதைத் தேடுகின்றனர் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது சான்று லொலிகோ. 2012இல் பால்க்லாந்து ஆயில் அண்ட் கேஸ் நிறுவனம் அங்கு வாயுவைக் கண்டது. ஆயினும் பங்கு விலை சரிந்தது. எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கும் விற்கலாம். வாயுவுக்கோ குழாயோ திரவமாக்கும் ஆலையோ நீண்டகால ஒப்பந்தமோ வேண்டும். பெருஞ்சந்தைகளுக்கு வெகுதொலைவில், எண்ணெயை எதிர்பார்த்துத் தோண்டிய கிணற்றில் வாயு கிடைப்பது கண்டுபிடிப்பாயினும் செல்வம் ஆகாது. ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற வினைமுற்று, விற்கப்படும் என்ற வருங்காலத்தைத் தன்னுள் கொண்டிருப்பதில்லை.

8. காவிரிப் படுகையும் நம் சந்தையும்

தமிழகக் கரைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. எச்.டி. பாரேக் முனைந்து 1983இல் தொடங்கிய இந்துஸ்தான் ஆயில் எக்ஸ்புளோரேஷன் கம்பெனி, காவிரிப் படுகையின் கடற்பகுதியில் பி.ஒய்.–1 என்ற வாயு வயலை மேம்படுத்தியது. 2009 நவம்பரில் உற்பத்தி தொடங்கி, வாயு பிள்ளைப்பெருமாள்நல்லூர் மின்நிலையத்துக்குச் சென்றது. அங்குத் தேக்கமாக இருந்தது மணற்கல் அன்று; வெடிப்புகள் நிறைந்த அடிப்பாறை. வெடிப்புகளின் வழியே வாயு எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டி அறிவது கடினம். எதிர்பார்த்த அளவு கிட்டவில்லை. இருப்பு மதிப்பீடு குறைக்கப்பட்டது. பங்கும் பெரிதும் சரிந்தது. பின்னர்ப் புதிய மேலாண்மையின்கீழ் அசாமின் திரோக் வாயு வயலால் அந்நிறுவனம் மீண்டெழுந்தது.

மலேசியப் பங்குச் சந்தையில் 2011 சூலையில் இடம்பெற்ற ஹைபிஸ்கஸ் பெட்ரோலியம், கையில் தொழிலின்றிப் பணம் திரட்டிப் பின்னர் சொத்து வாங்கும் வகையைச் சேர்ந்த நம் நாட்டின் முதல் நிறுவனம். ஆஸ்திரேலியக் கடலில் அது 2015இல் தோண்டிய கிணறு வீணாயிற்று. தற்செயலாக அதற்கும் கடற்சிங்கம் என்றே பெயர். ஒரே பெயர் ஒரு கடலில் வெற்றியையும் மற்றொரு கடலில் தோல்வியையும் சுட்டிற்று. ஏற்கெனவே உற்பத்தி செய்துகொண்டிருந்த வயல்களை வடகடலிலும் சபாவிலும் வாங்கிய பிறகே அந்நிறுவனம் நிலைபெற்றது. வாய்ப்பு வளத்திலிருந்து இருப்புக்கு மாறியது என்று நம் படியமைப்பின் சொற்களால் இதைக் கூறலாம்.

9. தமிழில் ஐயம்

இனி நமக்குரிய துறைக்கு வருவோம். ஐயத்தைத் தெரிவிக்கத் தமிழுக்குக் கருவிகள் குறைவா? இல்லை. தொல்காப்பியம் ஐயக் கிளவிக்கெனத் தனி விதி வகுத்துள்ளது. தொலைவில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என்று அறியாத நிலையில் எவ்வாறு பேசுவது என்பதை உரையாசிரியர்கள் அதற்கு விளக்கமாகக் காட்டினர். கடலடியில் தெரியும் நிழல் வாயுவா நீரா என்ற இன்றைய வினா அதே இலக்கணத்தைச் சேர்ந்தது.

‘வாயு இருக்கிறது’ என்பது காட்சி. ‘இருக்கலாம்’, ‘இருக்கக்கூடும்’ என்பன வாய்ப்பு. ‘இருக்கும்’ என்பது எதிர்கால வடிவில் அமைந்த ஊகம். ‘இருக்கிறது போலும்’ என்பது குறியைக் கண்டு கொண்ட அனுமானம். ‘இருக்கிறதாம்’ என்பது பிறர் சொல்லக் கேட்டது. அதன் உண்மைக்குப் பேசுவோர் பொறுப்பேற்பதில்லை. இத்தனை நுட்பம் ஒரு வினையின் ஈற்றில் அமைந்திருக்கும் மொழி நம்முடையது. நம் பாட்டிமார் ஊர்ச்செய்தியைச் சொல்லும்போது ‘ஆம்’ என்ற ஈற்றைத் தவறவிட்டதில்லை.

இன்றைய செய்தி உரைநடையோ அந்த ‘ஆம்’ ஈற்றைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்கிவிட்டது. அதன் இடத்தில் ‘கருதப்படுகிறது’, ‘மதிப்பிடப்பட்டுள்ளது’ என்னும் செயப்பாட்டு வினைகள் வந்தன. இவை ஐயத்தை ஓரளவு காக்கின்றன. ஆனால், கருதியவர் யார், மதிப்பிட்டவர் யார் என்பதை மறைத்துவிடுகின்றன. பங்கு விற்கும் நிறுவனமே மதிப்பிட்டதா, புறத்தார் ஒருவர் தணிக்கை செய்ததா என்பது முதலீட்டாளருக்கு உயிர்நிலையான வேறுபாடு. எழுவாய் மறையும்போது அந்த வேறுபாடும் மறைகிறது. தலைப்பில் வினைமுற்றே மறைந்து பெயர்ச்சொல் மட்டும் எஞ்சினால், ஐயம் தங்குவதற்கு வாக்கியத்தில் இடமே இருப்பதில்லை.

10. வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியை முன்மொழிய விழைகிறோம். நாமே அமைத்த வாக்கியம் ஒன்றைக் கொள்வோம்: ‘நிறுவனத்தின் புதிய கடல் வட்டாரத்தில் 5 டிரில்லியன் கன அடி வரை எரிவாயு இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.’ மாணவர் முதலில் ‘வரை’ என்ற சொல்லை அடிக்கோடிடட்டும். அது மேல் எல்லையைக் கூறுகிறது. கீழ் எல்லை சுழியமாகவும் இருக்கலாம். அடுத்து, மதிப்பிட்டவர் யார் என்று கேட்டு, செயப்பாட்டு வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றட்டும். எழுவாய் கிடைக்காவிடில் அவ்விடத்தை வெற்றிடமாகவே விடட்டும். பிறகு, அந்த அளவு பாறையில் உள்ளதா, எடுக்கத்தக்கதா, விற்கத்தக்கதா என வினவட்டும். கிணறு தோண்டப்பட்டதா, தோண்டியிருந்தால் கிடைத்தது கருவிப் பதிவா கையில் எடுத்த மாதிரியா என்று பார்க்கட்டும். வாய்ப்பு எத்தனை விழுக்காடு, வாயு எந்த ஆண்டு யாருக்கு விற்கப்படும், அதுவரை செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பன இறுதி வினாக்கள். விடை கிடைக்காத வினாக்களின் எண்ணிக்கையே அவ்வாக்கியத்தின் ஐய அளவு.

இப்பயிற்சியின் பயன் எரிவாயுப் பங்குகளோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுமனை விளம்பரம், மருந்துச் செய்தி, தேர்தல் வாக்குறுதி ஆகியவற்றையும் இவ்வாறே படிக்கலாம். செயப்பாட்டு வினை, எதிர்கால வினைமுற்று, நிபந்தனை எச்சம் ஆகியவற்றைத் தேர்வுக்காக மட்டும் கற்கும் மாணவர், அவற்றை ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காக்கும் கருவிகளாகக் கண்டால் இலக்கணத்தின் மீது கொள்ளும் மதிப்பு வேறாக இருக்கும்.

துரப்பணத்தில் துணிவு தேவை. ஐயத்தோடு பணம் இடுவோர் இல்லையெனில் தாமாரும் இல்லை, லெவியத்தானும் இல்லை. முதலிடுவோர் இழக்கவே கூடாது என்பது நம் வாதமன்று. தாம் எடுக்கும் துணிவின் அளவைத் தம் மொழியில் படித்தறிந்து முதலிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவ்வுரிமையைக் காக்கும் பொறுப்பில் செய்தி எழுதுவோருக்கும், அதை மொழிபெயர்ப்போருக்கும், மொழி கற்பிக்கும் நமக்கும் பங்குண்டு. வரும் கல்வியாண்டில் செய்தித்தாள் வாசிப்புப் பாடத்தின்போது வணிகப் பக்கத்தையும் ஒருநாள் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறோம்.